கூட்டம் வந்தது, வாடிக்கையாளர் வந்தாரா?

2020ஆம் ஆண்டு அக்டோபர் முதல் வாரம். ஊரடங்கு தளர்ந்தும் தெருக்களில் பழைய நடமாட்டம் திரும்பாத நாட்கள். தென் தில்லியின் மாளவியா நகரில், சாலையோரத்தில் ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாக ரொட்டியும் பருப்பும் மட்டர் பனீரும் விற்றுவந்த எண்பது வயது முதியவர் ஒருவர், அன்றைய சமையல் விற்காமல் கிடப்பதைக் காட்டிக் கேமராவின் முன் கண்கலங்கினார். அருகில் அவருடைய மனைவி. படம்பிடித்தவர், சிறு உணவுக் கடைகளைப் பற்றி யூடியூபில் பதிவிடும் ஓர் இளைஞர். அந்தக் காணொளி ஓரிரு நாட்களுக்குள் நாடெங்கும் பரவியது. 'பாபா கா தாபா' என்னும் அந்தச் சிறு கடையின் முன் நீண்ட வரிசை நின்றது. திரைக்கலைஞர்களும் கிரிக்கெட் வீரர்களும் காணொளியைப் பகிர்ந்தனர். சொமேட்டோ நிறுவனம் கடையைத் தன் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. நன்கொடையும் குவிந்தது.

அதற்குப் பின் நிகழ்ந்ததைப் பலர் மறந்திருக்கக்கூடும். நன்கொடைப் பணம் தொடர்பாகக் கடைக்காரருக்கும் காணொளி எடுத்தவருக்கும் இடையே மனக்கசப்பு மூண்டு, காவல் நிலையம்வரை சென்றது. காணொளி எடுத்தவர் குற்றச்சாட்டை மறுத்தார். அதே ஆண்டு டிசம்பரில் முதியவர் மாளவியா நகரிலேயே மேசை நாற்காலிகளுடன் ஒரு புதிய உணவகத்தைத் திறந்தார். 2021 பிப்ரவரியில் அது மூடப்பட்டது. சுமார் ஐந்து லட்சம் ரூபாய் முதலீடு, மாதம் ஏறத்தாழ ஒரு லட்சம் ரூபாய் செலவு, விற்பனையோ மாதத்துக்கு 40,000 ரூபாயைத் தாண்டவில்லை என்று அவரே பின்னர்ச் செய்தியாளர்களிடம் தெரிவித்தார். மீண்டும் பழைய சாலையோரக் கடை. மீண்டும் பழைய அடுப்பு. 2021 ஜூனில் இருவரும் நேரில் சந்தித்துச் சமாதானமாயினர்.

அந்த முதியவரைக் குறைகூறுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. அவர் இடத்தில் நாம் இருந்தாலும் உணவகம் திறந்திருப்போம். இலட்சக்கணக்கானோர் ஒரு கடையின் பெயரை உச்சரிக்கும்போது, அவர்கள் அனைவரும் உண்ண வருவார்கள் என்று எண்ணுவது மனித இயல்பே. ஆயினும் சமூக ஊடகத்தைப் பற்றிச் சிறு வணிகர் ஒருவர் கேட்கவேண்டிய முதற்கேள்வியை இந்நிகழ்வைப்போல் தெளிவாக உணர்த்துவது வேறில்லை. பார்த்தவர் எத்தனை பேர் என்பதும் வாங்கியவர் எத்தனை பேர் என்பதும் வெவ்வேறு எண்கள். மீண்டும் வாங்க வந்தவர் எத்தனை பேர் என்பது மூன்றாவது எண். கடை வாடகையைச் செலுத்துவது அந்த மூன்றாவது எண்ணே.

அயலார் கைப்பேசியில் உங்கள் கடை

ஒரு வணிகத்தின் சமூக ஊடக இருப்பை மதிப்பிட ஆயிரக்கணக்கில் கட்டணம் வாங்கும் நிறுவனங்கள் தில்லியில் ஏராளம். அவர்களிடம் செல்வதற்குமுன் செலவில்லாத சோதனை ஒன்றைச் செய்து பார்க்கலாம். உங்கள் கடையை அறியாத ஒருவரின் கைப்பேசியை ஐந்து நிமிடம் கேட்டு வாங்குங்கள். உங்கள் கைப்பேசி வேண்டாம். அதற்கு உங்கள் விருப்பங்கள் தெரியும், உங்கள் கடையையே முதலில் காட்டும். அவரையே தேடச் சொல்லுங்கள். கடையின் பெயரை அல்ல, நீங்கள் விற்கும் பொருளின் பெயரை.

கரோல் பாக்கில் இட்லி மாவு அரைத்து விற்கும் ஒரு கடையைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம். கட்டுரை முழுவதும் இக்கடையே நமக்குத் துணைவரும். தேடுபவர் 'இட்லி மாவு' என்று தமிழில் தட்டச்சு செய்யமாட்டார். தில்லியில் தமிழரும்கூட ஆங்கில எழுத்தில்தான் தேடுகின்றனர். அதிலும் இட்லி என்ற சொல்லை ஐ என்ற எழுத்தில் முடிப்போர் ஒரு பாதி, ஒய் என்ற எழுத்தில் முடிப்போர் மறுபாதி. இந்தியில் 'இட்லி கா கோல்' என்று தேடும் பஞ்சாபிக் குடும்பங்களும் உண்டு. இச்சொற்களெல்லாம் கூகுள் வணிகப் பக்கத்தின் விவரக் குறிப்பிலும் பொருட்பட்டியலிலும் இயல்பாக இடம்பெற்றிருக்கவேண்டும். கடைப்பெயரோடு சேர்த்து அடுக்குவது கூகுளின் விதிகளுக்கு முரணானது, பக்கமே முடக்கப்படலாம்.

கடை தென்பட்டதா? அடுத்து, அவர் வழி கண்டுபிடிக்கட்டும். தில்லியின் முகவரிகள் பிளாக் எண், கலி எண் என்று நீளும், உள்ளூர்க்காரரும் தடுமாறுவர். இந்நகரில் மக்கள் வழிசொல்வது மெட்ரோ தூண் எண்ணை வைத்துத்தான். 'பூசா சாலையில் இன்ன எண் தூணுக்கு எதிரே' என்னும் ஒற்றை வரி, அழகான பத்துப் புகைப்படங்களைவிட அதிக வாடிக்கையாளரைக் கொண்டுவந்து சேர்க்கும். வார விடுமுறையையும் கவனிக்கவேண்டும். கரோல் பாக் கடைவீதிக்குத் திங்கள் விடுமுறை, கன்னாட் பிளேசில் ஞாயிறு விடுமுறை. விடுமுறை நாளில் 'திறந்துள்ளது' என்று காட்டும் பக்கத்தை நம்பி மயூர் விகாரிலிருந்து மெட்ரோவில் வந்து பூட்டிய கதவைக் கண்டவர், திரும்பிச் செல்லும் வழியிலேயே ஒற்றை நட்சத்திரம் இட்டுவிடுவார். அவர் மேல் பிழையில்லை.

கூகுள் வரைபடத்தைச் சமூக ஊடகமாகப் பலர் எண்ணுவதில்லை. இன்ஸ்டாகிராமில் நாள்தோறும் காணொளி இடுவோரும் வரைபடத்தில் மூன்றாண்டுப் பழைய தொலைபேசி எண்ணை அப்படியே விட்டிருப்பர். அருகிலுள்ள கடையைத் தேடுபவர் ஏற்கெனவே வாங்க முடிவு செய்துவிட்டவர். காணொளி பார்ப்பவரோ பொழுது போக்குபவர். இருவரில் யாருக்கு முதலில் கதவைத் திறப்பது என்பதில் ஐயமே வேண்டியதில்லை.

எந்த எண்ணை நம்புவது?

இன்ஸ்டாகிராமில் தனிப்பட்ட கணக்கைக் கட்டணமின்றித் தொழில்முறைக் கணக்காக மாற்றிக்கொண்டால், எத்தனை பேரைப் பதிவு எட்டியது, அவர்களில் பின்தொடராதோர் எத்தனை பேர், பின்தொடர்வோர் எந்தெந்த நகரங்களில் வசிக்கின்றனர் என்னும் விவரங்கள் கிடைக்கும். இவற்றுள் தில்லித் தமிழ் வணிகர் கட்டாயம் பார்க்கவேண்டியது நகரங்களின் பட்டியல். பார்த்தால் பெரும்பாலோர் திடுக்கிடுவர்.

காரணம் எளிது. நம் மாவுக்கடைக்காரர் தமிழில் பேசி, நகைச்சுவையாக ஒரு காணொளி வெளியிடுகிறார். ஐம்பதாயிரம் பேர் பார்க்கிறார்கள். 'தில்லியில் இப்படியொரு கடையா!' என்று வியந்து மறுமொழி இடுகிறார்கள். ஆனால் அவர்கள் இருப்பது சென்னையிலும் மதுரையிலும் கோலாலம்பூரிலும். அவர்களில் ஒருவரும் கரோல் பாக்குக்கு வந்து ஒரு கிலோ மாவு வாங்கப்போவதில்லை. அதே வாரம் ராமகிருஷ்ணபுரத்துக் குடியிருப்பு ஒன்றின் வாட்ஸ்ஆப் குழுவில் யாரோ ஓர் அம்மையார் இரண்டு வரியில் இக்கடையைப் பரிந்துரைத்திருப்பார். அது நூறு பேரை மட்டுமே எட்டியிருக்கும்; பதினைந்து பேர் வாங்க வந்திருப்பர். எண்ணிக்கையில் மயங்கினால், பயன்தந்த செயலை விட்டுப் பயன்தராத செயலைத் திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருப்போம்.

ஆகவே விருப்பக்குறிகளை ஓரமாக வையுங்கள். வாங்கும் எண்ணத்தைக் காட்டும் செயல்கள் சிலவே: தொலைபேசி அழைப்பு, வழி கேட்டல், 'விலை என்ன' என்ற செய்தி, பதிவைச் சேமித்துவைத்தல், நண்பருக்கு அனுப்புதல். அழைப்புகளையும் வழிகேட்டவர் எண்ணிக்கையையும் கூகுள் பக்கமே காட்டுகிறது. அதைவிட நம்பகமான கருவி, கல்லாவின் அருகே வைக்கும் ஒரு நாற்பது பக்க நோட்டு. புதிதாக வருபவர் ஒவ்வொருவரிடமும், 'எங்களைப் பற்றி எப்படித் தெரிந்தது?' என்று கேட்டு ஒரு கோடு இழுத்துவைத்தால், ஒரு மாதத்தில் எந்த ஆய்வு நிறுவனமும் தராத உண்மை கையிலிருக்கும். இதைச் சிலர் நாகரிகக் குறைவாக எண்ணுகின்றனர். வாடிக்கையாளருக்கோ தம்மைப் பொருட்படுத்திக் கேட்பது பிடித்தமாகவே இருக்கும்.

இனி, விளம்பரத்துக்குச் செலவழித்தால் கணக்கு எப்படிப் பார்ப்பது? நம் கடைக்காரர் ஒரு மாதத்தில் 3,000 ரூபாய்க்கு விளம்பரம் செய்கிறார். அதன்மீது 18 விழுக்காடு ஜிஎஸ்டி 540 ரூபாய், மொத்தம் 3,540. நோட்டில் உள்ள கோடுகளின்படி, விளம்பரத்தைப் பார்த்து வந்தவர் 24 பேர். தலைக்கு ஏறத்தாழ 148 ரூபாய். ஒரு பொட்டலத்தில் நிகர ஆதாயம் 15 ரூபாய் என்றால், ஒவ்வொருவரும் பத்துப் பொட்டலம் வாங்கினால்தான் விளம்பரச் செலவே திரும்பும். அந்த 24 பேரில் பத்துப் பேர் மட்டுமே தொடர்ந்து வருகின்றனர் என்று வையுங்கள். இப்போது தலைக்கு 354 ரூபாய், 24 பொட்டலம். வாரம் ஒன்று வாங்குவோராயின் ஐந்தரை மாதம். இச்செலவு வீண் என்று சொல்லவில்லை. தில்லியில் குடியேறிய ஒரு தமிழ்க் குடும்பம் மாவுக்கடையைப் பிடித்துவிட்டால் எளிதில் விடாது. ஆனால் ஆறாவது மாதத்திலிருந்துதான் ஆதாயம் என்பதை முதல் மாதத்திலேயே தெரிந்துவைத்திருப்பவர் பதற்றப்படமாட்டார்.

உங்கள் வங்கிக் கணக்கும் இதில் சாட்சி சொல்லும். கியூஆர் குறியீட்டின் வழியே வந்த தொகைகளின் மூன்று மாதப் பட்டியலை எடுத்து, ஒரே பெயர் எத்தனை முறை திரும்ப வந்துள்ளது என்று பாருங்கள். ஒரு முறை வந்தவர், மூன்று முறைக்குமேல் வந்தவர் என இரு பிரிவாகப் பிரிப்பதற்கு அரைநாள் ஆகும். காணொளி பரவிய வாரத்தில் முதற்பிரிவு வீங்கி, இரண்டாம் பிரிவு அசையாமல் இருந்தால், வந்தது கூட்டம் மட்டுமே.

கடனுக்கு முன் ஒரு கணக்கு

திடீர்ப் புகழை நம்பி இரண்டாவது கிளைக்குக் கடன் கேட்டு வருவோரை வங்கிக் கிளைகளில் காணலாம். பிரதமர் முத்ரா திட்டத்தில் சிசு பிரிவில் 50,000 ரூபாய் வரையிலும், கிஷோர் பிரிவில் 5 லட்சம் வரையிலும், தருண் பிரிவில் 10 லட்சம் வரையிலும், தருண் கடனைச் செவ்வனே திருப்பியவர்க்கு 20 லட்சம் வரையிலும் கடனுதவிக்கு வழியுண்டு. வழி இருப்பதனால் உடனே வாங்கவேண்டும் என்பதில்லை. புதிய இடத்தின் வாடகை, சம்பளம், மின்கட்டணம் ஆகிய நிலையான செலவுகள் மாதம் 80,000 ரூபாய் என்று கொள்வோம். விற்பனையில் மூலப்பொருள் போக மிஞ்சுவது நூற்றுக்கு 40 என்றால், செலவைக் கட்டவே மாதம் 2,00,000 ரூபாய்க்கு விற்கவேண்டும். நாளொன்றுக்கு ஏறத்தாழ 6,670 ரூபாய். ஒருவர் சராசரியாக 150 ரூபாய்க்கு வாங்குவாரானால், ஒருநாள்கூட விடுமுறையின்றி நாள்தோறும் 45 பேர் வரவேண்டும். தவணை இன்னும் இதில் சேரவில்லை. உங்கள் நோட்டில் நாள்தோறும் 45 கோடுகள் விழுந்திருக்கின்றனவா? ஆறு மாதம் தொடர்ந்து விழுந்திருந்தால் தயங்காமல் கிளை மேலாளரைச் சந்திக்கலாம். மாளவியா நகரில் நிகழ்ந்தது இந்தக் கணக்கின் பிழையே தவிர, உழைப்பின் குறையன்று.

எதை எழுதுவது?

'காலை வணக்கம்' படங்களும் திருவிழா வாழ்த்துகளும் மட்டுமே நிறைந்த வணிகப் பக்கங்கள் ஏராளம். வாழ்த்துவதில் தவறில்லை, ஆனால் எந்தக் கடையும் இட்டிருக்கக்கூடிய பதிவு உங்கள் கடையை அடையாளங்காட்டாது. உங்கள் தொழிலில் உங்களுக்கு மட்டும் தெரிந்தது எது என்று எண்ணிப் பாருங்கள்.

நம் மாவுக்கடைக்கு அது சனவரி மாதம். தில்லிக் குளிரில் மாவு பொங்காது. சென்னையில் இரவு அரைத்தால் காலையில் பொங்கி நிற்கும் மாவு, இங்கே மறுநாள் மாலையிலும் கல்லாய்க் கிடக்கும். புதிதாகத் தில்லிக்கு வந்த ஒவ்வொரு தமிழ்க் குடும்பமும் முதற்குளிர்காலத்தில் சந்திக்கும் துயரம் இது. விளக்கை மட்டும் எரியவிட்ட மின்னடுப்புக்குள் பாத்திரத்தை வைப்பது, வெந்நீர் ஊற்றிய பெரிய பாத்திரத்துக்குள் இறக்கிவைப்பது, கம்பளியால் சுற்றிவைப்பது என்று இதற்கு வழிகள் உண்டு. இவற்றை இந்தியிலும் தமிழிலும் ஒரு நிமிடக் காணொளியாக வெளியிட்டால், சேமித்துவைப்பவர் பெரும்பாலும் குளிர்ப் பிரதேசத்தவராகவே இருப்பர், அதாவது, வாங்கக்கூடியவர்கள். பொங்கலை ஒட்டியும், ஆடிக் கிருத்திகைக்கு மலை மந்திரில் கூட்டம் சேரும் நாட்களை ஒட்டியும் முன்பதிவு அறிவிப்புகள் இடலாம். வாரம் இரண்டு பதிவுகள் போதும். நாள்தோறும் இடுவதாகத் தொடங்கி மூன்றாம் வாரத்தில் ஓய்ந்துபோன பக்கத்தைப் பார்ப்பவர், கடையை மூடிவிட்டார்களோ என்றே ஐயுறுவர்.

உணவுப் பொருள் விற்போர், 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணைப் பக்கத்தின் அறிமுகக் குறிப்பிலேயே இடுவது நல்லது. விற்பனை உத்தி என்பதைவிட நம்பிக்கைச் சான்று என்று அதைக் கொள்ளவேண்டும்.

நட்சத்திரங்களின் கணிதம்

மதிப்புரைகளைக் கண்டு அஞ்சாத வணிகர் இல்லை. பன்னிரண்டு பேர் சராசரியாக நான்கு நட்சத்திரம் அளித்திருக்கும் கடைக்கு ஒருவர் ஒற்றை நட்சத்திரம் இட்டால், சராசரி 3.8க்கு இறங்குகிறது. நூற்றிருபது பேர் அளித்திருக்கும் கடைக்கு அதே ஒற்றை நட்சத்திரம் ஏற்படுத்தும் சரிவு கண்ணுக்கே தெரியாது, சராசரி 3.98ஆக நிற்கும். எனவே தீய மதிப்புரைக்கு மருந்து அதை நீக்க அலைவதன்று. மனநிறைவோடு செல்லும் வாடிக்கையாளரிடம் அவ்வப்போது எழுதும்படி கேட்டுக்கொள்வதே. பலர் எழுதாதது விருப்பமின்மையால் அன்று. யாரும் கேட்கவில்லை என்பதால்.

கேட்கலாம், விலைகொடுக்கக் கூடாது. 'ஐந்து நட்சத்திரம் இட்டால் ஒரு வடை இலவசம்' என்னும் அட்டையைச் சில கடைகளில் காண்கிறோம். கூகுளின் விதி இதற்கு இடந்தருவதில்லை. இணைய மதிப்புரைகளுக்கென இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022 நவம்பரில் ஐ.எஸ். 19000 என்னும் தரநிலையை வெளியிட்டது. விலைக்கு வாங்கிய மதிப்புரைகளை அது ஏற்பதில்லை. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். நாற்பது மதிப்புரைகள் ஒரே வாரத்தில், ஒரே நடையில் வந்திருந்தால் தில்லிக்காரர் அடையாளங்கண்டுவிடுவார். அவரை ஏமாற்றுவது எளிதன்று.

குறைகூறியவருக்கு எழுதும் விடையை அவர் மட்டும் படிப்பதில்லை; இனி வரவிருக்கும் நூறு பேர் படிக்கின்றனர். 'வியாழனன்று வாங்கிய மாவு புளித்திருந்ததாக எழுதியுள்ளீர்கள். வருந்துகிறோம். அன்று பிற்பகல் குளிர்ப்பெட்டி இரண்டு மணிநேரம் இயங்கவில்லை. அடுத்தமுறை வரும்போது புதிய பொட்டலத்தைக் கட்டணமின்றிப் பெற்றுக்கொள்ளுங்கள்' என்ற நான்கு வரி போதும். வழக்கு மன்றத்தில் வாதாடுவதுபோல் எழுதினால் நூறு பேரும் எதிர்த்தரப்பின் பக்கம் சாய்வர். முற்றிலும் பொய்யான மதிப்புரையாயின், அதற்கும் ஒருமுறை அமைதியாக விடையளித்துவிட்டு, தளத்தில் முறையிட்டுவிட்டு, வேலையைப் பார்ப்பதே அறிவுடைமை.

வாடகை நிலத்தில் வீடு

2020 ஜூன் 29 அன்று மத்திய அரசு டிக்டாக் உள்ளிட்ட 59 செயலிகளைத் தடைசெய்தது. அதில் இலட்சக்கணக்கானோரைச் சேர்த்துவைத்திருந்த சிறு வணிகர்கள் மறுநாள் காலையில் யாருமற்றவராயினர். 2021 அக்டோபர் 4 அன்று முகநூலும் இன்ஸ்டாகிராமும் வாட்ஸ்ஆப்பும் ஏறத்தாழ ஆறு மணிநேரம் உலகெங்கும் ஒருசேர முடங்கின. இந்தியாவில் அது இரவு நேரம். இரவு உணவுக்கான ஆணைகளை வாட்ஸ்ஆப்பில் மட்டுமே பெற்றுவந்த அடுக்களைகள் அன்றிரவு என்ன செய்திருக்கும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

ஆகவே வாடிக்கையாளரின் பெயரும் எண்ணும் அவர் இசைவுடன் உங்கள் சொந்த ஏட்டிலும் இருக்கட்டும். இசைவுடன் என்பதை அழுத்திச் சொல்கிறோம்; 2023ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் அடிப்படையே அதுதான். கேளாமல் நூறு பேரை ஒரு வாட்ஸ்ஆப் குழுவில் சேர்த்தால், ஒவ்வொருவர் எண்ணும் மற்றவர்க்குத் தெரிந்துவிடுகிறது. பெண் வாடிக்கையாளர்கள் இதனாலேயே விலகிச் செல்கின்றனர். ஒலிபரப்புப் பட்டியல் முறையில் இச்சிக்கல் இல்லை. உங்கள் எண்ணைத் தம் கைப்பேசியில் சேமித்திருப்பவர்க்கு மட்டுமே செய்தி செல்லும் என்பதால் தொல்லையும் குறைவு. அரசின் ஆதரவோடு இயங்கும் ஓஎன்டிசி வலையமைப்பு 2022 ஏப்ரலில் வெள்ளோட்டம் கண்ட ஐந்து இடங்களில் தில்லி வட்டாரமும் கோயம்புத்தூரும் அடங்கும். ஒரே தளத்தைச் சார்ந்திராமல் விற்க விரும்புவோர் அதையும் ஆராயலாம்.

சாவி யாரிடம்?

இக்கட்டுரையில் ஒன்றை மட்டும் இன்றே செய்ய இயலுமெனில், இதைச் செய்யுங்கள். உங்கள் கடையின் பக்கங்கள் யாருடைய மின்னஞ்சலில், யாருடைய கைப்பேசி எண்ணில் தொடங்கப்பட்டன என்று கண்டறியுங்கள். விடுமுறைக்கு வந்த தம்பி மகன் தொடங்கிக் கொடுத்திருப்பான். இப்போது அவன் பெங்களூருவில் இருப்பான், பழைய எண் செயலிழந்திருக்கும். அல்லது விளம்பர நிறுவனம் தன் பெயரிலேயே தொடங்கியிருக்கும். ஒப்பந்தம் முறிந்த அன்று பக்கமும் அவர்களோடு போய்விடும். உரிமையாளர் நீங்களாகவும், மற்றவர் மேலாளராகவும் இருக்கும்படி கணக்கை மாற்றிக்கொண்டு, இருபடிச் சரிபார்ப்பை இயக்கிவையுங்கள். 'பதிப்புரிமை மீறல், 24 மணிநேரத்தில் உங்கள் பக்கம் நீக்கப்படும்' என்று வரும் இணைப்பைச் சொடுக்கிக் கடவுச்சொல்லை இழப்போரும் உண்டு. அத்தகைய அவசரம் எதுவும் மெய்யன்று.

கடையின் எண் பொதுவெளிக்கு வந்தவுடன் மோசடிக்காரருக்கும் அது கிடைக்கிறது. ராணுவ முகாமிலிருந்து பேசுவதாகச் சொல்லி, ஐம்பது பேருக்கு உணவோ இருநூறு பொட்டல மாவோ வேண்டும் என்பர். அடையாள அட்டையின் படமும் அனுப்புவர். பிறகு, 'ராணுவ விதிப்படி பணம் அனுப்ப, இந்தக் கியூஆரை நீங்கள் ஸ்கேன் செய்யவேண்டும்' என்பர். தில்லி கன்டோன்மென்ட் அருகிலேயே இருப்பதால் இக்கதை இங்கு எளிதில் நம்பப்படுகிறது. யூபிஐ முறையில் பணம் பெறுவதற்குப் பின் எண் தேவையில்லை. ஸ்கேன் செய்யவும் தேவையில்லை. பின் எண்ணை இட்டால் உங்கள் கணக்கிலிருந்து பணம் வெளியேறும். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டுக் காலந்தாழ்த்தாமல் உடனே 1930 என்ற எண்ணை அழையுங்கள், கிளைக்கும் தெரிவியுங்கள். பணம் வேறு கணக்குகளுக்குக் கடந்துசெல்லுமுன் நிறுத்திவைக்க முதல் சில மணிநேரமே வாய்ப்பு.

காணொளி எடுக்க வருபவர்

என்றாவது ஒருநாள், ஒலிவாங்கியோடு ஓர் இளைஞர் உங்கள் கடை வாசலுக்கும் வரலாம். வரவேற்கலாம். கட்டணம் பெறுகிறாரா, இலவசமாகவா என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். பணமோ இலவசப் பொருளோ பெற்றுக்கொண்டு ஒருவர் உங்கள் கடையைப் புகழ்ந்தால், அந்தத் தொடர்பை அவர் பார்ப்போருக்கு வெளிப்படையாகக் கூறவேண்டும் என்று நுகர்வோர் விவகாரத் துறை 2023 சனவரியில் வழிகாட்டுதல் வெளியிட்டுள்ளது. தவறான விளம்பரத்துக்கு 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்ப் பத்து லட்சம் ரூபாய் வரையும், மீண்டும் செய்தால் ஐம்பது லட்சம் வரையும் தண்டம் விதிக்க மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு அதிகாரமுண்டு. புகழ்ந்தவர் மட்டுமன்று, கடைக்காரரும் இதில் பொறுப்பாவார்.

உதவி திரட்டும் எண்ணத்துடன் எடுக்கப்படும் காணொளியாயின், எக்காரணத்தாலும் பிறருடைய வங்கிக் கணக்கு எண் திரையில் தோன்ற இசையாதீர்கள். உங்கள் பெயரில் கணக்கு இல்லையெனில் காணொளியை ஒரு வாரம் தள்ளிவையுங்கள். அதற்குள் கணக்கு தொடங்கிவிடலாம். காணொளி வெளியாகும் நாளும் உங்களுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கவேண்டும். நாளொன்றுக்கு அறுபது கிலோ மாவு அரைக்கும் கடைக்கு ஒரே காலையில் முந்நூறு பேர் வந்தால், அறுபதாவது ஆளுக்குப் பின் நிற்கும் இருநூற்று நாற்பது பேரும் வெறுங்கையோடு திரும்புவர். அவர்கள் கையிலும் கைப்பேசி இருக்கும். அன்று கூடுதலாக ஒருவரை வேலைக்கு வைத்து, வரிசையில் நிற்போரின் பெயரையும் வட்டாரத்தையும் அவர்கள் விருப்பத்தோடு நோட்டில் குறித்துக்கொண்டு, மாவு தீர்ந்தபின் வருபவர்களுக்கு மறுநாளுக்கான முன்பதிவுச் சீட்டு ஒன்றைக் கொடுத்தனுப்புங்கள். அந்தச் சீட்டுடன் மறுநாள் எத்தனை பேர் திரும்பி வருகின்றனர் என்பதை எண்ணிப் பாருங்கள்.